மூன்று கண் பாலத்தை மூடிய ரோடு

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரோட்டை யாராவது என் முன்னால் பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "இப்ப ரோடு என்னமா இருக்கு! கையில டீ டம்ளர வச்சுக்கிட்டுக் கார்ல வந்தாலும் சொட்டுக்கூடச் சிந்தாது." நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அங்கே வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட வேண்டிய அவசியம் இல்லை.

அருப்புக்கோட்டையில் கிளம்பித் திருச்சுழி வழியாக நரிக்குடி, வீரசோழன் பக்கம் போகிற மாநில நெடுஞ்சாலை அது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், பஸ்காரன் நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிறுத்துகிற ஒரு ஊர் எங்களுடையது. ரோடு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. அதாவது ஒவ்வொரு ஊர்க் கண்மாய்க்கும் வருகிற தண்ணீரை இந்த ரோடு குறுக்கே தாண்டித்தான் போயாக வேண்டும். இந்த ஒன்று புரிந்தால் போதும், ரோட்டின் வரலாறு முழுக்கப் புரிந்துவிடும்.

என் மாமனார் காலத்தில் இது வண்டிப்பாதை. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மாடு நகராது. பிறகு ஒரு பஞ்ச வருசத்தில் ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டுக் கல் உடைக்கச் சொல்லிக் கப்பி ரோடு போட்டார்களாம். மாமனாரும் உடைத்திருக்கிறார். விளைச்சல் இல்லாததால் கிடைத்த ரோடு என்று அவர் சொல்வார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரே வாக்கியம் அதுதான். மற்றபடி அவருக்கும் எனக்கும் ஆகாது.

நான் வாக்கப்பட்டு வந்தபோது தார் ரோடாகியிருந்தது. ஒரு பஸ் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். மணல் லாரி இறங்கவே இறங்காது. எங்கள் கண்மாய்க்கு வருகிற வரத்துக்கால் ரோட்டைத் தாண்டும் இடத்தில் அப்போது பாலம் கிடையாது, தாம்போதிதான். ரோட்டையே அந்த இடத்தில் பள்ளமாக்கி, தண்ணீர் ரோட்டின் மேலேயே போகும்படி விட்டிருந்தார்கள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லுக்கு வேனில் போய்வந்தேன். மழை நாளில் வேன் தாம்போதிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து போய் ஏறுவோம். நனைந்த சேலையோடு எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்பது எப்படி என்று ரோட்டைப் பாராட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

ஆகவே பாலம் வந்தபோது நானும் சந்தோசப்பட்டவள்தான். மூன்று கண் வைத்துக் கல்லால் கட்டி, மேலே கான்கிரீட் போட்ட பாலம். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஆள் குனியாமல் உட்காரலாம். மில்லை விட்டு நின்ற பிறகு நூறு நாள் வேலைக்குப் போனேன். வருசா வருசம் அந்த வரத்துக்காலைத் தூர் வாருவதுதான் எங்களுக்கு வேலை. வேலிக்கருவையை வெட்டி, மண்ணை அள்ளி, உச்சி வெயிலில் அந்தப் பாலத்தின் கண்ணுக்குள் புகுந்து சோறு தின்போம். தலைக்கு மேலே கரி மூட்டை லாரி போகும், மில் வேன் போகும், வீரசோழன்காரர்கள் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் போகும். மண் உதிர்ந்து குழம்பில் விழும்.

பிறகு மைல்கல்லின் தலைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். மாநில நெடுஞ்சாலையாம். அதற்கும் பிறகு ரோட்டை அகலமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வருகிறது, அதனால் என்றார்கள். எங்களுக்கும் குமாரலிங்கபுரத்துக்கும் நடுவில் அருப்புக்கோட்டை டவுன் முழுசாகக் கிடக்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அகலமாக்குவதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் நான் ரேசன் வாங்கிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் சந்தோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தானாகச் சோறு போட்டுச் சாப்பிடுகிறார் என்றாலே ஏதோ நடந்திருக்கிறது.

"ஆபீசர் வந்தாரு. டீக்கடையில வச்சுப் பேசுனோம். நல்லாச் சொல்லிவிட்டுட்டோம்."

"எந்த ஆபீசு?"

"அதை எவன் கேட்டான்? ஜீப்பு. பைலு. எழுதிக்கிட்டாரு."

"என்ன கேட்டாக?"

"மழைக்காலத்துல இங்கன தண்ணி எம்புட்டு வரும்னாரு. நான்தான் முதல்ல சொன்னேன். சார், கண்ணீர்தான் வரும், தண்ணீர் வராதுன்னேன். எல்லாரும் கையத் தட்டுனாங்க."

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். பைல் வைத்திருக்கிற யார் வந்தாலும் வறட்சி நிவாரணத்துக்கு எழுத வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மழை இல்லை, தண்ணீர் இல்லை, வெள்ளாமை இல்லை என்று வாய் தானாகச் சொல்லும். ஜனத்தொகை எடுக்க வந்த டீச்சரிடமே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எத்தனை பேரு இருந்து என்ன, மழையில்லையே" என்று சொன்ன ஊர் இது.

நான் ரேசன் பையைக் கீழே வைத்தேன். "கையில டேப்பு வச்சிருந்தாரா?"

"ஆமா. ரோட்டை அளந்தாரு. பாலத்தைப் பார்த்தாரு."

"வறட்சிக்கு வந்தவரு ரோட்டை ஏங்க அளக்குறாரு?"

அவர் சோற்றுக் கையோடு நிறுத்தினார். "வயக்காட்டுக்குள்ள வெயிலா இருந்துச்சுல்ல, அதான்" என்றார்.

மறுநாளே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய் விசாரித்தேன். வந்தவர் ரோட்டு இன்ஜினியர்தான். பழைய பாலத்துக்குப் பதிலாக என்ன போடலாம் என்று பார்க்க வந்திருக்கிறார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நான் மூணு தடவ கேட்டேன். ஊரே வராதுன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர் வரும்னு சொல்றீங்க. ஊர்க்காரங்கள்ல நாலு பேரக் கூட்டிட்டு வாங்க, மாத்திரலாம்" என்றார். அது நியாயம். அதனால்தான் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை விட ஊர் மேல் அதிகமாக வந்தது.

ஊருக்கு வந்து டீக்கடை முன்னால் நின்று கத்தினேன். ஒருத்தனும் அசையவில்லை. என் வீட்டுக்காரரே சொன்னார்: "இந்தா, நிவாரணத்துக்கு வேற எழுதிக் குடுத்திருக்கோம். அந்த ஆபீசுல வராதுங்கிறது, இந்த ஆபீசுல வரும்ங்கிறதுன்னா ரெண்டு பேரும் போன்ல பேசி ரெண்டையும் நிப்பாட்டிருவான்."

"அவனுக ரெண்டு பேரும் போன்ல பேசுறவனுகளா இருந்தா நாடு என்னைக்கோ உருப்பட்டிருக்கும்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆபீசுக்கு ஒருத்தரும் வரவில்லை.

ரோடு வேலை தொடங்கியது. டிப்பர் டிப்பராகக் கிராவல் மண் வந்தது. ரோடு உயர்ந்தது. முன்பு வயலிலிருந்து ரோட்டுக்கு ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், இப்போது கையை ஊன்றி ஏற வேண்டும். பாலத்தை உடைக்கவில்லை. உடைப்பது வேலை பிடித்த காரியம். இரண்டு பக்க வாயிலும் மண்ணைத் தட்டி மூடிவிட்டு மேலே ரோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் என் நாத்தனாரும் நின்று பார்த்தோம். நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள், அடுத்த வீடு, தூர் வாருவதில் எனக்குச் சோடி. பாலத்துக்குக் கிழக்கே ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்தார்கள். நாத்தனார் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மதினி, இதுல எங்கண்ணன் தலைகூட நுழையாது" என்றாள். "அவுக தலை நுழைஞ்சா அதுல அடைச்சே விட்ருவேன்" என்றேன்.

இரண்டு வருசம் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு. மூன்றாவது வருசம் ஐப்பசியில் அடைமழை பிடித்தது.

ராத்திரி முழுக்கப் பெய்து விடியும்போது தூறலாகிவிட்டது. நானும் நாத்தனாரும் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குப் போனோம். தண்ணீர் வந்திருந்தது. செம்மண்ணும் கரிசலும் கலந்த நிறத்தில், கரை தொட்டு, குப்பையை உருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வாரிவிட்ட கால், அதனால் எங்கும் நிற்காமல் வந்தது. வந்து ரோட்டில் முட்டியது.

குழாய் வாயில் வேலிக்கருவைக் கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. அடைக்காவிட்டாலும் அந்தத் தண்ணீர் அதில் போகாது. ரோட்டை அணையாக நினைத்துத் தண்ணீர் ஏறியது, ஏறி, புதிதாக வெட்டிய ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பியது. கிழக்கே போனால் ஓடை. ஓடை போய்க் குண்டாற்றில் விழும். குண்டாற்றில் விழுந்தது எங்களுக்குத் திரும்ப வராது.

தெற்கே எங்கள் கண்மாய் வெறுமனே கிடந்தது. மழை விழுந்த ஈரம் மட்டும்தான். எங்கள் ஊரில் கண்மாய் பெருகினால்தான் நெல். பெருகுவது நாலைந்து வருசத்துக்கு ஒரு முறை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கண்மாய்க்குக் கீழே இருக்கிறது, அதுவும் கடைமடையில். கண்மாய் நிறைந்தால் மட்டுமே அங்கே தண்ணீர் எட்டும். என் நெல் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் ஊருக்குள் ஓடிப் போய்ச் சொன்னாள். ஆம்பளைகள் மொத்தமாக வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறியலாம். திருச்சுழியிலிருந்து வந்த டவுன் பஸ் நின்றது. அதற்குப் பின்னால் லோடு வண்டி நின்றது. கோஷம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் முன் வரிசையில் இருந்தார்.

"எந்திரிங்க! தோண்டணும், வாங்க" என்றேன்.

"ஆபீசர் வாரேன்னு சொல்லியிருக்காரு. அவரு வரட்டும்."

"அவரு வாரதுக்குள்ள தண்ணி குண்டாத்துல நிக்கும்."

"மறியல்னு உக்காந்தாச்சு. பாதியில எந்திரிச்சா மரியாதையா இருக்காது."

பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வீரசோழன்காரர், சவுதிக்குத் திரும்பிப் போகிறவராம். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ரோட்டோரத்துக்கு வந்து தண்ணீரைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாரையும் விட நான்தான் அதிகம் கத்துகிறேன் என்பதால் நான்தான் தலைவி என்று நினைத்திருப்பார்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. நீங்க மறிச்சிருக்கிறது என்னைய. நான் நிக்கிறேன். தண்ணி நிக்கலையே?"

நாத்தனார் சத்தமாகச் சிரித்துவிட்டாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், "ஏலே, அந்தக் காரைத் திருப்பி விடுங்கடா, ரொம்பப் பேசுறாரு" என்றான். நான் அவனைப் பார்த்து, "அவரு சொன்னதுல என்னடா தப்பு? காரை விடு" என்றேன். காரை விட்டார்கள். பஸ்ஸை விடவில்லை. பஸ்ஸையாவது பிடித்து வைத்தால்தான் மறியலாம்.

இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள். அதற்குள் வடபக்கத்தில் தண்ணீர் ரோட்டின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்றது. கிழக்கே பள்ளத்தில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

"நான் வந்து கேட்டேனா இல்லையா? தண்ணி வருமான்னு மூணு தடவ கேட்டேன்." என் வீட்டுக்காரரை நேராகக் காட்டினார். "இவருதான சொன்னாரு, கண்ணீர் வரும் தண்ணீர் வராதுன்னு? எல்லாரும் கை தட்டுனீங்களா இல்லையா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன், "யாரு சொன்னது, யாரு சொன்னது" என்று எட்டிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். வீட்டில் நான் அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊர் முன்னால் அவர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அவுக சொன்னது தப்பு. நான் ஆபீசுக்கு வந்து வரும்னு சொன்னேனே, அது என்னாச்சு?"

"நீங்க ஒரு ஆள்தான சொன்னீங்கம்மா?"

"முன்ன பாலம் கட்டுனவன் பைத்தியக்காரனா? வராத தண்ணிக்கா மூணு கண்ணு வச்சான்? அதைப் பார்த்தீகளா இல்லையா? எங்க வாயைப் பார்த்து எழுதுனீக, பாலத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டியதுதான?"

அவர் போனை எடுத்தார். மேலே கேட்க வேண்டுமாம். மேலே எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்பக்கச் சரிவில் இறங்கினேன். நாத்தனாரும் நூறு நாள் வேலைப் பொம்பளைகளும் பின்னால் இறங்கினார்கள்.

போலீஸ்காரர் மேலிருந்து சொன்னார்: "ஏம்மா, பொதுச் சொத்து. கேஸாகும்."

"கண்மாய் மட்டும் எங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எழுதிக்கிடுங்க. முதல் பேரா என் பேரை எழுதுங்க." எழுதினார். பின்னால் கேஸும் வந்தது. முதல் பேர் என்னுடையதுதான்.

பாலம் எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டியதில்லை, அத்தனை வருசம் புழங்கிய இடம். தென்பக்கம் காய்ந்த பக்கம். தட்டிவிட்டுப் போன மண் இறுகாமல் கிடந்தது. வெட்ட வெட்ட வந்தது. நடுக்கண்ணின் கல் தெரிந்தது. உள்ளே இருட்டாக, காலியாக இருந்தது. நாத்தனார் உள்ளே குனிந்து கூவினாள். கூவினது உள்ளேயே முழங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மறியல் அதோடு முடிந்தது. பஸ் மட்டும் நகரவில்லை. இவ்வளவு பேர் ரோட்டில் தோண்டும்போது எப்படிப் போவது என்று டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

வடபக்கம்தான் பயம். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தண்ணீருக்குள் இருக்கிற வாயைத் தோண்ட வேண்டும். திறந்துகொண்டால் தண்ணீர் மொத்தமும் அந்த ஓட்டையைப் பார்த்துப் பாயும். நிற்கிறவனையும் சேர்த்து இழுக்கும். எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் பஸ்ஸின் கண்ணாடி மேல் போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. இறங்கிவிட்டார்.

"அண்ணே, குழாயிலதான் உன் தலை நுழையாது, இந்தக் கண்ணுல நுழைஞ்சிரும், பார்த்து" என்று நாத்தனார் கத்தினாள். பயந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள். லோடு வண்டிக்காரனிடம் கயிறு வாங்கி அவர் இடுப்பில் கட்டினோம். இன்னும் மூன்று பேர் அவரோடு இறங்கினார்கள். கயிற்றின் மறுமுனையை நானும் ஊரில் பாதிப் பேரும் பிடித்தோம். இன்ஜினியர் மேலே நின்று, "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

மண்வெட்டி தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கலங்கல்தான். கிழக்கே ஓடுகிற இரைச்சல் குறையத் தொடங்கியது எனக்குக் கேட்டது. மேலே இருந்து வருகிற வரத்து குறைகிறது என்று அர்த்தம். சண்டை போட்ட நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

திடீரென்று அவருக்கு முன்னால் தண்ணீர் குழிந்து சுழன்றது. மண்வெட்டி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்த நொடி அவரைக் காணோம். கயிறு என் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மற்ற மூன்று பேரும் கரையைத் தொற்றிக்கொண்டார்கள். "இழு! இழு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தியிருப்பேன், தெரியவில்லை. போலீஸ்காரர்களும் கயிற்றைப் பிடித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பஸ் டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இழுத்தோம். கயிறு அசையவில்லை. மறுபடி இழுத்தோம். அவர் கால் கல்லில் தட்டிக் குறுக்கே நின்றிருக்கிறது, அதனால்தான் உள்ளே போகவில்லை. முதலில் கை வந்தது. பிறகு தலை. தொடையில் தோல் உரிந்து தொங்கியது. கரையில் போட்டதும் தண்ணீரைக் கக்கினார்.

முதலில் அவர் கேட்டது, "போகுதா?" என்றுதான்.

போனது. தென்பக்கத்தில் நடுக்கண் வழியாகக் கலங்கலாகப் பாய்ந்து, பழைய காலில் விழுந்து, கண்மாயைப் பார்த்து ஓடியது. ஆம்பளைகள் கத்திக்கொண்டு அதன் கூடவே ஓடினார்கள்.

நான் அடுத்த கண்ணுக்குப் போனேன். ஒரு கண் பத்தாது, எனக்குத் தெரியும். கண்மாய் நிறைய வேண்டுமென்றால் இன்னொன்றும் திறக்க வேண்டும். இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன். இன்ஜினியர் ஓடிவந்து ரோட்டைக் காட்டினார். தார் விளிம்பில் பிளவு விட்டிருந்தது. என் விரல் நுழையும் அகலம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் நீண்டது. அதற்கு அந்தப் பக்கத்தில் பஸ் நின்றது, உள்ளே ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா.

"நிப்பாட்டுங்கம்மா. தயவுசெஞ்சு" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் கரையில் கிடந்தபடியே, "விடு. ரோடு போயிரும், ஆள் செத்துருவாக" என்றார்.

நான் இன்னும் ஒரு வெட்டு வெட்ட மண்வெட்டியைத் தூக்கினேன். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, தூக்கினேன் என்பதால் எழுதுகிறேன். பிறகு கீழே போட்டேன். பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

மத்தியானத்துக்குள் வரத்து நின்றுவிட்டது. சாயங்காலம் ஊரே கண்மாய்க் கரையில் நின்றது. கண்மாயில் பாதி. அதற்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மேல்மடைக்காரர்கள் நாற்றுப் பாவுவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பாதிக் கண்மாய்த் தண்ணீர் மேல்மடைக்கும் நடுமடைக்கும் கட்டும். கடைமடைக்கு எட்டாது. கயிற்றைப் பிடித்தவர்களில் பாதிப் பேர் கடைமடைக்காரர்கள். மறியலில் கடைசியாக எழுந்தவர்கள் மேல்மடைக்காரர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"மேல்மடை நிலத்துல எங்களுக்கும் இந்த ஒரு போகம் கொஞ்சம் ஒதுக்குங்க. தண்ணியக் கொண்டு வந்தது நாங்க" என்று கேட்டேன்.

"அதெப்படி மதினி, அவுகவுக நிலத்துல அவுகவுக" என்றான் ஒருவன். இன்னொருவன், "கேஸு செலவுக்கு வேணும்னா ஊர்ல போட்டுக் குடுத்துருவோம்" என்றான். பெரிய மனசு.

என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரோடு பேசவே இல்லை.

ரோட்டுக்காரர்கள் வந்து பிளவில் தாரை ஊற்றிவிட்டு மணல் மூட்டை அடுக்கினார்கள். நாங்கள் திறந்த கண்ணை மூடவும் இல்லை, மற்ற இரண்டைத் திறக்கவும் இல்லை. இன்ஜினியர் மேலே எழுதியிருக்கிறாராம். என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார். இதுவரை போன் வரவில்லை. பஸ் அந்த இடத்தில் மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கொத்தமல்லி மூட்டையை எடுத்துவைத்து, தரையில் பரப்பி, செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். விதைமல்லியை இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். நெல் விளைய வேண்டிய நிலத்தில் மல்லி போடப் போகிறார். அடிபட்ட காலை ஊன்ற முடியாமல் ஒற்றைக் காலால் தேய்த்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு நான் வயலுக்குப் போகவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் ஈரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் மல்லியும் முளைக்காது. விதைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அவர் பாதி நிலம் தூவியிருந்தார், கோணல்மாணலாக.

என்னைப் பார்த்ததும் நின்றார். "ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்யி" என்றார்.

"அந்த ஓரத்துல விதை விழல. திரும்பத் தூவுங்க" என்றேன். இந்த ஓரத்திலிருந்து நான் தொடங்கினேன்.